அரை வயிறும் வெறுங்காலும்

22 செப்டம்பர் 1958, திங்கள்

விடியும்போதே தூறல். அரை வயிற்றுத் திட்டம், 15ஆம் நாள். காதர் பாய் கடையில் அரிசி மூட்டைத் தராசில் ஏறி நின்றேன்: 139 ராத்தல். ஐந்து இறங்கியிருக்கிறது. குமாஸ்தா இளைப்பதில் பாய்க்குச் சிரிப்பு.

"கிராணி, இன்னும் ரெண்டு மாசத்துல உங்கள பொட்டலம் கட்டிரலாம் லா!"

சிரிக்கட்டும். அப்பா 52 வயதில் போனார், அண்ணன் 50இல். இரண்டு பேரும் மூக்குப் பிடிக்கத் தின்றவர்கள். எனக்கு 47. தொண்ணூறு வரை இருப்பதாக முடிவு.

கா.: இட்லி 2. ம.: ஒரு கரண்டி சோறு, கீரை, மோர். இ.: பப்பாளித் துண்டு. கறி, மீன் முதல் நாளிலிருந்தே கிடையாது (செரிமானம்).

தீராத கேள்வி: இந்தச் சாப்பாட்டுக்கு எந்த உடற்பயிற்சி? இன்று தண்டால். இருபது என்று திட்டம். பதினான்காவதில் கண் இருட்டியது. தண்டால் ரத்து.

25 செப்., வியாழன்

வெயில். கயிறு வாங்கி மாடியில் ஸ்கிப்பிங். கீழ் வீட்டுப் பார்வதி அக்கா ஏறி வந்துவிட்டார். "தம்பி, சுண்ணாம்பு உதிர்ந்து குழம்புல விழுது." கயிறு இனி துணி காயப்போட.

ஆபீஸ் நண்பர் எடை தூக்கச் சொல்கிறார். அவர் தினம் ஆறு முட்டை தின்பவர், தூக்கட்டும்.

மாலை ஃபேரர் பார்க். புல்லில் வெறுங்காலோடு நான்கு சுற்று. மயக்கம் இல்லை, மூச்சு வாங்கவில்லை, பசியும் அளவோடு. ஆக, நடைதான். கேள்வி தீர்ந்தது. படுக்கையும் இனி தரையில், தனிப் பாய். முதுகெலும்புக்கு நல்லதாம்.

மனைவி கமலத்துக்கு மறுபடி வயிற்றுவலி. கட்டி, அறுத்தே ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். "கத்தி வச்சா நான் வீடு திரும்ப மாட்டேங்க." இரண்டு வாரமாக இதே பேச்சு. எரிச்சல். உள்ளுக்குள் பயமும்தான்.

4 அக்., சனி

136. ஆறு சுற்று. உள்ளங்கால் நன்றாகக் காய்த்துவிட்டது.

ஒன்று கவனித்தேன். எல்லோருக்கும் என்மேல் திடீர் மரியாதை. டீக்கடைக்காரர் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார். பார்வதி அக்கா என்னைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உடம்பு இளைத்தால் முகத்தில் களை கூடும் போலிருக்கிறது.

சோப்பு, நீல மசி வாங்க வேண்டும்.

9 அக்., வியாழன்

ஆபீஸ் விட்டு வந்தால், மேசையில் ஆஸ்பத்திரித் தாள். கமலத்தின் கையெழுத்தோடு. கண் கலங்க நின்றுகொண்டிருந்தாள்.

"பார்வதி அக்கா சொல்லித்தான் எனக்கே வெளங்குச்சு. கவுச்சிய விட்டு, பாயில தனியா படுத்து, வெறுங்காலோட நடந்து... தீமிதிக்கு வேண்டிக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க. எனக்காகத்தானே?"

வாயைத் திறந்தேன்.

"நீங்க எனக்காக நெருப்பு மிதிக்கிறப்போ, நான் கத்திக்குப் பயந்தா நல்லாவா இருக்கு? போட்டுட்டேன் கையெழுத்த."

வாயை மூடிக்கொண்டேன்.

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் வருடா வருடம் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தவன் நான். உண்மையைச் சொன்னால் அந்தத் தாளைக் கிழித்துவிடுவாள். ஒரு மாதமாக நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஒரே ஆளை. அது அவள் இல்லை. வெட்கமாக இருக்கிறது.

இரவு பப்பாளிகூட இறங்கவில்லை.

15 அக்., புதன்

அறுவை முடிந்தது. கட்டியை முழுதாக எடுத்தாயிற்று, பயமில்லை என்றார் டாக்டர். வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு சீன அம்மா கைக்குட்டை கொடுத்தார். திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

கமலம் கண் விழித்ததும் கேட்டது: "கால் எப்படி இருக்கு?"

இனி உண்மையைச் சொல்லலாம். ஒன்றும் கெட்டுவிடாது. சொல்லவில்லை.

18 அக்., சனி

மழை விட்டதும் சைனாடவுன். வீட்டிலிருந்து நடந்தே. கோயிலில் பெயர் எழுதுபவர் தலை நிமிரவில்லை.

"எத்தன நாளா விரதம்?"

"இன்னியோட நாப்பத்தோரு நாள்."

"கவுச்சி?"

"தொடல."

"படுக்கை?"

"தரையில. தனிப் பாய்."

"வெறுங்கால்ல நடந்து பழக்கமா?"

"தெனம் ஆறு சுத்து."

ஒன்றுகூடப் பொய் இல்லை. பள்ளிக்கூடப் பரீட்சையில்கூட எனக்கு இப்படி வாய்த்ததில்லை. மிதித்துவிடுவேன், சந்தேகமே இல்லை.

"யாருக்காக வேண்டுதல்?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் போன வாரம் வரை என்னிடம் வேறு பதில் இருந்தது.

"கமலம். என் வீட்டுக்காரி."

எழுதிக்கொண்டார்.