கட்டுரையைப் போட்டுவிட்டேன், மைதீன்

அன்புக்கும் அவசரத்துக்கும் குறைவில்லாத மைதீன் மச்சானுக்கு,

நலமா என்று கேட்க முடியாத ஒருவனுக்குக் கடிதத்தை எப்படித் தொடங்குவது? நீ இருந்திருந்தால் இந்த ஒரு கேள்வியிலேயே நான் ஒரு வாரம் கழித்திருப்பேன். இப்போது விரட்ட ஆளில்லை. நானே அடுத்த பத்திக்குப் போகவேண்டியிருக்கிறது.

பேட்டையில் எல்லாம் அப்படியே. நம் அறைக்குக் கீழே லேத் பட்டறை காலையிலேயே கத்தத் தொடங்கிவிடுகிறது. அதற்கு மேலே குரலெடுத்து நீ கத்துவாய். இப்போது அது மட்டும் கத்துகிறது. எனக்கு நன்றாகக் கேட்கிறது.

நம் தொழில் என்னவென்று இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பொருள் செய்து விற்பவர்களுக்கு வாடிக்கையாளரைக் கூட்டிவர வலைப்பதிவு எழுதினோம். நான் எழுதுவேன். ஒரு கட்டத்தில் நீ மடிக்கணினியைப் பிடுங்கிக்கொண்டு டீக்கடைக்குப் போவாய். நீ திரும்பி வரும்போது கட்டுரை வெளியாகியிருக்கும். அந்தப் பிடுங்கலைத்தான் நாம் நிறுவனம் என்று பதிவு செய்திருந்தோம்.

கிரைண்டர் செய்து விற்கும் சுடலைமுத்து அண்ணாச்சி, தேய்ந்த கல்லை எப்போது கொத்த வேண்டும் என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார். அரிசி எப்போது பொருநைக் கரைக்கு வந்தது என்று தெரியாமல் கல் கொத்துவதைப் பற்றி எழுதுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. ஆதிச்சநல்லூர்த் தாழிகளிலிருந்து ஆரம்பித்தேன். நீ எட்டிப் பார்த்தாய்.

“ஏலே, அண்ணாச்சி கிரைண்டர் விக்காரு. நீ யாருக்குலே தாழி விக்கப் போற?”

“ஒரு பின்னணி வேண்டாமா மச்சான்?”

“மாவு அரையலன்னு ஒரு பொம்பள செல்லத் தொறந்து தேடுதா. அவகிட்ட போயி பின்னணி சொல்லுத. அவ கையில இருக்க கரண்டியப் பாத்துக்கிட்டு சொல்லு.”

தாழிகளை எடுத்துவிட்டேன். மீதியை, உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, கட்டிலில் படுத்தபடி செல்லில் வாசித்துவிட்டு, “போதும்லே, போட்டுரு” என்றாய். ஒரு நாள் பொறு, முதல் வரி மட்டும் சரியில்லை என்றேன். நீ பொறுக்கவில்லை. அன்று இரவே போய்விட்டாய்.

மறுநாள் உன் தம்பி காதர் என்னிடம் வந்து, “அண்ணே, குரூப்புல போடணும், நாலு வரி எழுதித் தாங்க. உங்களவிட யாரு எழுதுவா” என்றான். உங்கள் மார்க்கத்தில் அடக்கத்தைத் தாமதிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் உட்கார்ந்தேன். ‘காலமானார்’ என்றால் அரசாங்க அறிவிப்பு மாதிரி இருந்தது. ‘மறைந்தார்’ என்றால் எங்கோ ஒளிந்துகொண்ட மாதிரி. ‘நம்மை விட்டுப் பிரிந்தார்’ என்பதில் ‘நம்மை’ யார்? நான் அந்த ‘நம்மை’யில் நிற்கும்போதே காதர் பொறுத்துப் பார்த்துவிட்டு அவனே போட்டுவிட்டான். “மைதீன் காக்கா மௌத். அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.” அவ்வளவுதான். தெரு கொள்ளாமல் ஆட்கள் வந்தார்கள். நடை சரியில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் எதையும் வெளியிடவில்லை. மற்ற வாடிக்கையாளர்கள் மரியாதையாகத் துக்கம் விசாரித்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அண்ணாச்சி மட்டும் மிஞ்சினார். போன புதன்கிழமை அவரே மாடியேறி வந்தார்.

“வே, தீபாவளிக்கு முன்னாலதான் எல்லாரும் கல்லு கொத்த வருவாவ. சனிக்கிழமைக்குள்ள போட்டுருவேரா?”

“ஒரு வரிதான் பாக்கி, அண்ணாச்சி.”

“அன்னைக்கும் ஒரு வரிதான் பாக்கின்னீரு. எம்மருமகன் செல்லுல கேக்கான், மிஷினு அந்தாக்குல எழுதிக் குடுக்குது. மைதீன் முகத்துக்காவத்தான் நான் பாக்கேன் வே.”

அவர் போனதும் கட்டுரையைத் திறந்தேன். அண்ணாச்சியும் போய்விட்டால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கியது முடிந்தது, கதவைச் சாத்திவிட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான். இது தெரிந்தும் முதல் வரியைத்தான் திருத்தினேன். பிறகு பழையபடியே மாற்றினேன். அந்த வரியில் குறை எதுவும் இல்லை, மச்சான். அது எனக்கு எப்போதோ தெரியும்.

இது நீ வாசித்த கடைசிக் கட்டுரை. இதைப் போட்டுவிட்டால் அடுத்தது நீ வாசிக்காதது. நான் அதற்குத்தான் பயந்துகொண்டு, ஊருக்கெல்லாம் தரம் தரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் தன் பயத்துக்கு எவ்வளவு கௌரவமான பெயர் வைக்கிறான், பார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ தொழுகைக்காக லேத் பட்டறையை அடைத்திருந்தார்கள். அந்த அமைதியில் என்னால் உட்கார முடியவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். “இன்னைக்கு நீங்க தூக்கிட்டு வாறிய” என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். உட்கார்ந்து கட்டுரையைத் திறந்தேன். ‘மாவு சூடேறும்’ என்று ஒரே பத்தியில் இரண்டு முறை வந்திருந்தது. அப்படியே போட்டுவிட்டேன். தாமிரபரணி திசை மாறவில்லை. டீ மட்டும் ஆறியிருந்தது.

சனிக்கிழமை அண்ணாச்சி போன் செய்தார். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அம்மா, வீட்டுக்கே வந்து கொத்துவீர்களா என்று கேட்டார்களாம்.

“கட்டுரை எப்படி இருக்கு அண்ணாச்சி?”

“நான் எங்க படிச்சேன்? கீழ போன் நம்பரு சரியா இருக்கு. அடுத்தது எப்ப வே?”

சிரித்துவிட்டு உன் நாற்காலிப் பக்கம் திரும்பினேன். திரும்பியபின்தான் ஞாபகம் வந்தது. இந்த மாதிரி ஒரு பதிலை நான் இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?

அடுத்ததைத் தொடங்கிவிட்டேன். நீ வாசிக்க மாட்டாய் என்று தெரிந்தே எழுதுவேன், அதைத் தூக்கிக்கொண்டு நானே டீக்கடைக்குப் போவேன். இது வாக்கு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் தளத்தில் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் ‘நாங்கள் இரண்டு பேர்’ என்று இருக்கிறது. தகவல் பிழைதான். நேற்று கண்ணில் பட்டது. அதை நான் திருத்தப் போவதில்லை.

எந்த உறவுமுறையிலும் சேராத உன் மாப்பிள்ளை,
சங்கரன்