வாயில் அடக்கிய ஏலக்காய்

3-5-81, ஞாயிறு

நீயே சொல்லு முருகா, ஒருத்தி வாயைத் திறந்ததுமே சனம் சிரித்தால் அவள் எதைத்தான் பேசி முடிப்பாள்? நான் வாயால் பேசினால் வளவளவென்று போகிறதாம். அதனால் உன்னிடம் எழுதிச் சொல்கிறேன். ஏலக்காய்க் கடையில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது.

இன்று சாவடியில் கூட்டம். அவுக போய்ச் சேர்ந்து இரண்டு வருசம் ஆகிறது. குரங்கணிக்கு மேலே இருக்கிற ஏலத்தோட்டம் இப்போது தன்னுடையது என்கிறான் கொழுந்தன் ஒச்சப்பன். மாமனார் சாகும்போது நஞ்சை சின்னவனுக்கு, மலை பெரியவனுக்கு என்று வாயால்தான் பிரித்துக் கொடுத்தார். இருபது வருசம் அட்டைக்கடியில் கிடந்து அந்தத் தோட்டத்தைத் தூக்கி நிறுத்தியது அவுக.

ஒச்சப்பன் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. மூணு வருசத்துக்கு முந்தின ஆடியில், முதல் காய் எடுப்பன்று, கருப்பசாமி கல்லில் முதல் பிடிக் காயை அவனை வைக்கச் சொன்னாராம் அண்ணன். எங்கள் பக்கத்தில் தோட்டத்துக்காரன் கைதான் அந்தக் காயை வைக்கும். வேறு கை வைத்தால் தோட்டமே கை மாறியதாகத்தான் அர்த்தம். அடுத்த வருச முதல் எடுப்பு வருவதற்குள் அவுகளும் போய்விட்டார்கள்.

நான் எழுந்து, "அது வந்து... முருகா... அந்த வருசம் பாத்துக்கங்க, மழை முந்திக்கிருச்சு, அதாவது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

நாட்டாமை ஜக்கையன், "ஆத்தா, மழை பெஞ்ச கதையெல்லாம் எங்களுக்கும் தெரியும்" என்றார்.

"மதினி பேசி முடிக்குமுன்ன காயெல்லாம் பழுத்து உதுந்துரும்ணே" என்றான் ஒச்சப்பன். அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

ஆனி மாதம் மறுபடி கூடுகிறார்கள்.

5-5-81

ஆயம்மா ஊரிலிருந்து வந்துவிட்டாள். என் தம்பி மகள். எனக்குப் பிள்ளை இல்லை என்று சின்னதிலிருந்தே இங்கே தங்கிப் படிக்கிறவள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டியில் கப்பு வாங்கியிருக்கிறாள். நடந்ததைச் சொன்னேன். முடிக்க விடவில்லை.

"அத்தே, நீ ஒரு சேதி சொல்றதுக்குள்ள எத்தனை 'வந்து' போடுற தெரியுமா? கேக்குறவனுக்குச் சேதி எது, சக்கை எதுன்னே தெரிய மாட்டேங்குது. அதான் சிரிக்கிறாங்கெ."

கன்னத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஐம்பத்து மூணு வயசில் நாக்கைத் திருத்த வேண்டுமாம்.

12-5-81

அவள் கண்டுபிடித்த வைத்தியம்: வாயில் ஒரு ஏலக்காயை அடக்கிக்கொள்ள வேண்டும். 'வந்து' நாக்குக்கு வரும்போது காயை ஒரு கடி. வாயை மூடிச் சும்மா இரு. அப்புறம் அடுத்த சொல்லைச் சொல்.

சும்மா இருப்பது அவ்வளவு பெரிய பாடு என்று எனக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் யாராவது புகுந்து என் பேச்சைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயம். இத்தனை வருசமும் அதனால்தான் இடைவெளி விடாமல் பேசினேனோ? புருசன் வீட்டில், பொறந்த வீட்டில், யார் என்னை முழுசாகப் பேச விட்டார்கள்?

14-5-81

'முருகா'வையும் குறைக்க வேண்டுமாம்.

"அது சாமி பேருடி."

"சாமி பேருதான். ஆனா நீ மூச்சு விடுறதுக்குல்ல அதைச் சொல்ற."

முருகா, கோபித்துக்கொள்ளாதே. கூட்டத்தில் மட்டும்தான். மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

24-5-81

ஒத்திகை. ஆயம்மா ஜக்கையன் மாதிரி காலை அகட்டி உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்டாள். முதல் பிடிக் காயைப் பற்றிக் கேட்டதும், "அந்த வருசம் ஆடியில வந்து... வீட்டுல வந்து..." என்று இழுத்தேன். சொம்பால் தரையைத் தட்டினாள்.

"வீட்டுக் கதை வேணாம் அத்தே. தோட்டத்துக் கதை மட்டும். ஒச்சப்பன் மாமா காயை வச்சது நெசமா, பொய்யா?"

"நெசந்தான். அவுகளே வந்து சொன்னாக."

"அப்ப ஆமான்னு சொல்லிரு. மறைச்சா சந்தேகப்படுவாங்கெ. அதுக்கப்பறமும் சாகுற மட்டும் தோட்டத்தை நடத்துனது அவருதான்னு ஒரே வரியில முடிச்சிரு."

சரியாகத்தான் பட்டது. என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்கே அப்போது மறந்துவிட்டது.

7-6-81

மோர்க்காரி முனியாயியிடம் இன்று ஒரு 'வந்து' கூட வரவில்லை. "மேலுக்குச் சொகமில்லையாத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

21-6-81, ஞாயிறு

முடிந்தது.

காயை அடக்கிக்கொண்டு போனேன். ஜக்கையன் கேட்டார்.

"அந்த ஆடியில முதல் பிடி வச்சது யாரு?"

"ஒச்சப்பன்."

"வைக்கச் சொன்னது?"

"அவுகதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டுக்கு வந்து அவுகளே சொன்னாக."

"அதுக்கு நீயி ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலையா?"

கடித்தேன். யோசித்துப் பார்த்தேன். நான் கேட்டதாக நினைவே இல்லை.

"கேக்கலை."

அப்புறம் ஆயம்மா சொல்லிக்கொடுத்த அந்த ஒரு வரியைச் சொன்னேன். தடங்கல் இல்லாமல். "தம்பிக்காக நடத்திக் கொடுத்திருப்பாரு" என்றார் ஒருத்தர். அவ்வளவுதான்.

தோட்டம் ஒச்சப்பனுக்கு. எனக்கு உசுரு இருக்கிற மட்டும் வருசம் ஒரு மூட்டை நெல்லு. பிச்சை.

படி இறங்கும்போது என் காதில் விழுகிற மாதிரியே பேசிக்கொண்டார்கள். "ஆத்தா இன்னைக்கு என்ன தெளிவாப் பேசுச்சுப்பா." ஒச்சப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "மதினி மாதிரி நேராப் பேசுறவுக நம்ம வம்சத்துலயே இல்ல."

போன தடவை சிரித்தானுக, இந்தத் தடவை மெச்சுறானுக. சிரிச்சப்பவாச்சும் தோட்டம் எங்கிட்ட இருந்துச்சு.

22-6-81

விளக்குப் போடவில்லை. உனக்கும் ஒரு நாள் இருட்டில் இருந்து பார்க்கத் தெரியட்டும்.

5-7-81

ஆயம்மா அழுகிறாள். "நீ ஒரு தப்பும் பண்ணலையே அத்தே, அத்தனையும் சரியாத்தான சொன்ன?" என்கிறாள். சரியாகத்தான் சொன்னேன். "இது கப்பு வாங்குற பேச்சு இல்லடி" என்று கத்திவிட்டேன். அப்புறம் சோறு போட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். எனக்கு இப்போதெல்லாம் பேச்சே வருவதில்லை. காய் இல்லாமலே வாய் மூடிக்கொள்கிறது.

9-8-81, ஞாயிறு

காலையில் ஒச்சப்பனுடைய ஜீப்பு போனது. முதல் எடுப்பு. பின்னால் பொங்கப்பானை, சேவல், கூலியாட்கள். என் வீட்டு வாசலில் வந்ததும் மெதுவாக ஓட்டச் சொன்னான். நான் பார்க்க வேண்டுமாம். பார்த்தேன்.

அடுத்த வீட்டு மொக்கச்சாமி மகள் முந்தாநாள் பெரியவளானாள். கொல்லையில் பச்சை ஓலையில் குச்சு கட்டியிருக்கிறார்கள். தாலி இல்லாதவள் சடங்குக்கு ஆக மாட்டாள் என்று என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டாம். வேலி ஓரமாகத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

மொக்கச்சாமி தன் சின்னாத்தா மகனிடம் தேங்காயை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். "எங்க வீட்டுல தீட்டுடா தம்பி, நான் சாமிகிட்டப் போகக் கூடாது. எனக்குப் பதிலா நீ போயி ஒடச்சிட்டு வா. வருசா வருசம் ஒடைக்கிறது, நின்னு போகக் கூடாது."

ஈரத்துணி கையில் இருக்க அப்படியே நின்றேன்.

அவுக அன்னைக்கு வந்து சொன்னது உள்ளே வந்து இல்லை. வாசலில் நின்றுதான் சொன்னாக. "தம்பியை வைக்கச் சொல்லிட்டேன்." ஏன் எதுக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருந்தது, எனக்குத் தெரிந்த விசயம்தானே. மஞ்சள் அரைத்த கையோடு தலையை ஆட்டிவிட்டுக் கொல்லைக்குப் போனேன்.

அந்த ஆடியில் எங்கள் கொல்லையிலும் ஒரு குச்சு இருந்தது, முருகா. உள்ளே ஆயம்மா உட்கார்ந்திருந்தாள்.