அதிர்வு மட்டும்

ஜூன் 2, செவ்வாய்

மாடியில் குடியிருக்கும் தையற்காரி எனக்கு 'மகாராணி' என்று பெயர் வைத்திருக்கிறாளாம். பாத்திரம் கழுவ வருகிறவள் சொன்னாள். மணி அடித்தாலும் மகாராணி கதவைத் திறக்க மாட்டார், படிக்கட்டில் பின்னாலிருந்து கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார், அத்தனை கர்வம் என்று தெரு முழுக்கப் பேச்சாம்.

இது தவறு. மணி கெட்டுப்போயிருக்கிறது. கர்வம் எனக்கு உண்டு. அதை இன்னொருத்தி கண்டுபிடித்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒருவரை வாசலில் நிற்க வைத்து வேடிக்கை பார்க்கிற கர்வம் அல்ல. எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 4, வியாழன்

காலையிலிருந்தே ஜன்னலருகே உட்கார்ந்திருந்ததால் எலக்ட்ரீஷியன் வந்தது தெரிந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தார். வெளியே போய்ப் பொத்தானை அழுத்திவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தார். நானும் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நல்லா அடிக்குதேம்மா. காது கிழியுது."

இன்னொரு தடவை அழுத்தச் சொல்லிவிட்டு, அவர் வெளியே போனதும் பெட்டியின் மேல் விரலை வைத்தேன். உள்ளே குளவி மாட்டிக்கொண்டது போலத் துடித்தது. காதில் ஒன்றுமில்லை.

தூசி இருந்திருக்கும், நீங்கள் துடைத்ததும் சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். தலையாட்டிவிட்டுப் போனார். அவர் துடைக்கவே இல்லை.

கான்வென்டில் அறிவியல் சிஸ்டர் இசைக்கவையை மேசை விளிம்பில் தட்டி எங்கள் முழங்கையில் வைப்பார். ஒரு பொருள் தன் இடத்தை விட்டுப் போகாமல் இப்படியும் அப்படியும் அசைவது அதிர்வு. அது காதை வந்து அடைந்தால் ஒலி. ஒரு சொல் மாறினாலும் முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். இரண்டாவது பாதியைப் பற்றி அப்போது நான் யோசித்ததே இல்லை.

ஜூன் 7, ஞாயிறு

மகள் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனை வைப்ரேஷனில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். மணிச் சத்தம் அநாகரிகம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அவள் பேசும் ஒழுங்கு எனக்குத் தெரியும். முதலில் என் மாத்திரை, பிறகு பேத்தியின் பரீட்சை, பிறகு மாப்பிள்ளையின் வேலை, கடைசியில் எங்காவது போவது வருவது. அந்த ஒழுங்கில் 'ம்', 'நல்லது', 'படிக்கச் சொல்லு' என்று வைத்துக்கொண்டு போனால் பிசகுவதில்லை. எதிரே இருப்பவர் என்றால் உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடித்து மீதியை நிரப்பிக்கொள்வேன். போனுக்கு உதடு இல்லை.

இன்று நிறையப் பேசினாள். லைன் சரியில்லை, விட்டு விட்டு வந்தது. 'வியாழக்கிழமை' மட்டும் தெளிவாக விழுந்தது. மலைப் பக்கம் போகப்போகிறோம் என்று போன மாதமே சொல்லியிருந்தாள். "நல்லது, சந்தோஷமா போயிட்டு வா. பெட்டியெல்லாம் நீ தூக்காதே" என்றேன். அதற்குப் பிறகு அவள் பேசினாளா இல்லையா தெரியவில்லை. பார்த்தால் போன் அணைந்திருந்தது. சொல்லிக்கொள்ளாமல் வைப்பது நான் கற்றுக்கொடுத்த பழக்கமல்ல.

ஜூன் 9, செவ்வாய்

கொழுந்தனார் வந்தார். மீசை உதட்டை மூடிக்கொண்டிருக்கும் மனிதரோடு பேசுவது எனக்குப் பெரும்பாடு. ஏதோ தியான வகுப்புக்குப் போகிறாராம். கண்ணை மூடிச் சற்று உட்கார்ந்திருந்துவிட்டு, "இந்த வீட்ல வைப்ரேஷன் சரியில்ல அண்ணி" என்றார். இரண்டு முறை சொல்ல வைத்தேன்.

மாடியில் தையல் மெஷின் ஓடும்போது என் நாற்காலிக் காலில் ஏறுகிறதே, அதைச் சொல்கிறாரா என்று கேட்டேன். அது இல்லையாம். மனிதர்களிடமிருந்து வருவதாம். சிலர் பக்கத்தில் போனாலே நல்லதாக வருமாம், சிலரிடம் வராதாம்.

"என் பக்கத்துல உக்காந்தா எப்படி வருது தம்பி?"

காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவர் செருப்பைத் தேடினார். அளந்து பார்க்கக்கூடிய ஒரு நல்ல சொல்லை இப்படி ஊர்மேய விட்டிருக்கிறார்கள்.

ஜூன் 14, ஞாயிறு

மகள் கூப்பிடவில்லை. மலையில் சிக்னல் இருக்காது.

ஜூன் 16, செவ்வாய்

மடியில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தேன், அழைப்பு எதுவும் இல்லை. மேசையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் துடித்தது. துடிப்பது என் தொடைதான்.

ஜூன் 18, வியாழன்

நானாகவே கூப்பிட்டேன். அங்கே மணி அடிக்கிறதா, யாராவது எடுத்தார்களா, எப்படித் தெரியும்? காதில் வைத்துக்கொண்டு "அம்மா பேசறேன், அம்மா பேசறேன்" என்று யாரிடம் சொன்னேன்?

ஜூன் 20, சனி

கொழுந்தனார் மறுபடி வந்தார். உட்காரவில்லை. கோபம் வந்தால் அவர் வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் பேசுவார். அதனால் இன்று எனக்கு எல்லாமே புரிந்தது.

"பொண்ணுக்கு மார்புல கட்டி. வியாழக்கிழமை ஆபரேஷன்னு அழுதுகிட்டே உங்ககிட்ட சொல்லியிருக்கு. சந்தோஷமா போயிட்டு வான்னீங்களாமே அண்ணி. மாப்பிள்ளை சொன்னாரு. நீங்க கல்லுன்னு தெரியும், இவ்ளோ கல்லுன்னு தெரியாது."

'கேட்கவில்லை' என்ற ஒரு சொல் நாக்கு நுனியில் இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது எனக்கும் என் மகளுக்கும் உள்ள விஷயம் என்றேன். அவர் போய்விட்டார். கதவை அறைந்து சாத்தினார் — தரையில் தெரிந்தது.

அழுதியாடி? அன்னிக்கு போன்ல அழுதியா நீ? லைன் சரியில்லேன்னு நெனச்சேனே... பாவி நான், லைன் சரியில்லேன்னுதானே நெனச்சேன்.

ஜூன் 21, ஞாயிறு

கல்நெஞ்சுக்காரி என்பதா, செவிடு என்பதா, எது தேவலை? கல்நெஞ்சுக்காரியைப் பார்த்து யாரும் ஐயோ பாவம் என்பதில்லை. அந்தப் பெயர் இவ்வளவு நாள் எனக்கு வசதியாகவே இருந்திருக்கிறது.

போனை மடியில் வைத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 22, திங்கள்

தபாலில் போவது அடித்தல் திருத்தல் இல்லாமல் போக வேண்டும். அதனால் முதலில் இங்கே.

அன்புள்ள மகளுக்கு,

அன்று நீ சொன்னது எனக்குக் கேட்கவில்லை. லைனில் குற்றமில்லை. இரண்டு வருடமாக எனக்குக் காது கேட்பதில்லை, எப்போதாவது ஒரு சொல் விழும், அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. நீ மலைக்குப் போவதாக நினைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன். சித்தப்பா வந்து சொல்லித்தான் உண்மை தெரிந்தது. காரணத்தை அவரிடம் நீ சொல்லலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

போனில் கூப்பிடாதே. கையில் துடிக்கும், நீதான் என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. என் போனில் தமிழ் எழுத்தும் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது.

தையல் பிரித்துவிட்டார்களா? கையைத் தூக்க முடிகிறதா? இரவில் உன் பக்கத்தில் யார் படுக்கிறார்கள்? நான் வரட்டுமா? வேண்டாம் என்றாலும் அதைச் சொல். பெரிய எழுத்தில் எழுத வேண்டியதில்லை, எனக்குக் கண் நன்றாகவே இருக்கிறது. பதிலைக் கடிதமாக எழுதி அனுப்பு.