பேசாத மலை

அன்புள்ள வாயாடியின் அப்பாவுக்கு,

வணக்கம். வாயாடி இப்போதுதான் தூங்கினாள், உங்கள் பழைய சட்டைக் காலரைப் பிடித்தபடி. கொஞ்சம் நகர்ந்தாலும் விழித்துக்கொள்வாள். அதனால் பக்கத்திலேயே உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வெளியூர் வேலைக்குப் புறப்பட்ட அன்று மூடிய வாயை அவள் இன்னும் திறக்கவில்லை. காதும் தொண்டையும் நன்றாக இருக்கின்றன, பொறுங்கள் என்கிறார் டாக்டர். நானும் தேடித் தேடிப் படிக்கிறேன். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடுகிறது. எதிர்வீட்டு டீச்சர் தினமும் குனிந்து, "பேரு என்ன பாப்பா? வாயில பூட்டா?" என்கிறார். அவருக்குப் பயந்தே பால் வாங்கும் நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

அதனால்தான் உங்கள் அக்கா, "கிளம்பு, பேசாத மலைக்குப் போவோம்" என்றதும் உங்களைக் கேட்காமலே கிளம்பிவிட்டேன். கோபிக்காதீர்கள்.

அந்தத் தலத்தின் கதையை அக்கா பேருந்தில் சொன்னார். அம்மன் ஒருமுறை அந்த மலைப் பனியில் தன் பிள்ளையைத் தவறவிட்டாளாம். அருவி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா இருங்கள் என்று ஓர் அதட்டல் போட்டாள். அருவி பாறைக்குள் இறங்கிக்கொண்டது. காற்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டது. அப்போதுதான் பிள்ளையின் மூச்சு அவள் காதில் விழுந்ததாம். இன்றைக்கும் அடிவாரத்தில் மூடிய வாயைச் சன்னதியில்தான் திறக்க வேண்டும். அங்கே சொல்லும் முதல் சொல்தான் வேண்டுதல். கோயில் மணிக்குக்கூட நாக்கு கிடையாது.

விடியும்போது ஏறினோம். முன்னே போகிறவர்களின் முதுகு பனியில் தெரியும், கரையும். வெறுங்கால்களின் சத்தம் மட்டும், மலை தூக்கத்தில் புரண்டு படுப்பது போல. உங்கள் அக்கா பேசாமல் நடந்ததே ஓர் அதிசயம். ஆனால் நம் வாயாடியைப் பார்த்திருக்க வேண்டுமே! அங்கே ஒருவரும் அவளைப் பேர் கேட்கவில்லை. எல்லோரும் அவளைப் போலவே இருந்தார்கள். புருவத்தாலும் விரலாலும் ஊரையே கூட்டிவிட்டாள். மூச்சு வாங்கிய ஒரு பெரியவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கல்லில் உட்கார வைத்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

ஒரு திருப்பத்தில் என் சேலை முள்ளில் மாட்டியது. எடுத்துவிட்டுத் திரும்பினால் அவளைக் காணோம். வெள்ளையாகப் பனி மட்டும். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு கைகளை வீசித் தேடுகிறார். வேண்டுதலாவது ஒன்றாவது! மலையே அதிர, "வாயாடீ" என்று கத்திவிட்டேன்.

பனிக்குள்ளிருந்து ஒரு கை என் முந்தானையை இழுத்தது. குனிந்தேன். சின்ன விரலை என் உதட்டில் வைத்து, "உஷ்" என்றாள்.

ஆமாம், சொன்னாள். என் காதால் கேட்டேன்.

இறங்கியதும் அக்கா பொரிந்து தள்ளிவிட்டார். "காலேஜ் படிச்சவ, கொஞ்ச நேரம் வாயை அடக்க முடியலையா? மறுபடி முதல்லேருந்து ஏறணும்டி. உஷ்ஷுன்னா பேச்சா? வெறும் காத்து!" சொன்னவர் தானே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மேலே போய்ச் சேர்ந்தும் சன்னதியில் நான் ஒன்றும் கேட்கவில்லை. என் முதல் சொல் வழியிலேயே போய்விட்டது. அது அவள் பேர்தானே.

வீட்டுக்கு வந்தபின் அந்த 'உஷ்' கூட இல்லை. அதனால் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில், அப்பான்னு சொல்லு, சொல்லு என்று கெஞ்சாதீர்கள். போன முறை நீங்கள் அழுதது அவளுக்குக் கேட்டுவிட்டது. இந்த முறை பேசாமல் இருங்கள். நானும் பேசாமல் போனை அவள் காதில் வைக்கிறேன். உங்கள் மூச்சு அவளுக்குக் கேட்கட்டும். எந்தப் பனிக்குள் இருந்தாலும் வந்துவிடுவாள்.

பிள்ளையைத் தேடிய அந்த அம்மன் உங்களுக்கும் வழி காட்டட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மூச்சுக்குக் காத்திருக்கும் இருவரில் மூத்தவள்