தட்டில் காட்டிய இரைப்பை

என் கடைக்குட்டி மாதேசா, ஐந்தாவது வரை படித்த கையால் உன் அம்மா எழுதுகிறேன், கேள் சாமி.

உன் மகள் கவிதா இப்போது சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். நம் வம்சத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள். காரிமங்கலம் சந்தையில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதைச் சொல்லிவிட்டுத்தான் தக்காளி வாங்குகிறேன். நீ பேச வேண்டிய பெருமையை நான் பேசுகிறேன். எனக்கெதற்கு இந்த வேலை?

சேலத்தில் உனக்கு ஆபரேசன் ஆன அன்று, வெட்டி எடுத்த இரைப்பையைத் தட்டில் வைத்து எங்களிடம் காட்டினார்கள். உன் அண்ணன் எட்டிப் பார்த்தான். "அவ்ளோதாம்மா, சனியன் வெளிய வந்துருச்சு." டாக்டர், "கண்ணுக்குத் தெரியாம பரவியிருக்கலாங்க. கீமோவுக்குக் கட்டாயம் வரணும்" என்றார். அது யார் காதில் ஏறியது? ஊர் வந்ததும் அவன் முனியப்பனுக்குக் கிடா வெட்டினான். "எடுத்துப்போட்டத எங்கடா போயித் தேடுவாங்க? மருந்தேத்தி உன்ன மொட்டையாக்கவா?" என்று பந்தியில் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டு நீயும் சிரித்தாய். கீமோவுக்கு யாரும் உன்னைக் கூட்டிப்போகவில்லை. வருசம் திரும்புவதற்குள் வயிற்றில் நீர் கோத்துப் போய்ச் சேர்ந்தாய்.

போன வாரம் கவிதா வந்தாள். உன் இரைப்பையில் ஒரு துண்டை மெழுகில் பதித்து ஆஸ்பத்திரியில் இன்னும் வைத்திருக்கிறார்களாம். குப்பையில் போட்டிருப்பார்கள் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன்?

"கட்டியோட மரபணுவுல சில அடையாளம் இருக்கும் ஆயா. ஸ்கேன்ல தெரியறதுக்கு முன்னாடியே, பரவ ஆரம்பிச்சிருச்சான்னு அது காட்டிக்குடுக்குமான்னு எங்க ஆராய்ச்சியில பார்க்கறாங்க. அப்பாவோடதயும் குடுக்கட்டுமா?"

உன் அண்ணன் குதித்தான். "அத வாங்கியாந்து அவம் பக்கத்துல பொதைக்கறதுதான் மொறை. செத்தவன மறுபடியும் அறுப்பாங்களா?"

முறையாவது, மண்ணாவது. அவனுக்குப் பயம் மாதேசா. அன்றைக்கே பரவியிருந்தது என்று அந்தத் துண்டு சொல்லிவிட்டால், கிடாக்கறி தின்ற வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவான்?

"குடு கண்ணு" என்றேன். அவன் பக்கம் திரும்பி, "அன்னிக்கு டாக்டரு சொன்னத நீ கேக்கவுடல. எம் மவன் வயிறு சொல்றதயாவது கேளுடா" என்றேன். எழுந்து வெளியே போய்விட்டான்.

கீமோ ஏற்றியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்றும் கேட்டேன். அதை எந்தச் சோதனையும் சொல்லாதாம். பிறகு எதற்கு இந்த அறிவெல்லாம்? உனக்கு உதவாதது யாருக்கு உதவினால் எனக்கென்ன என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் இன்னொரு வீட்டில் தட்டைப் பார்த்துவிட்டுக் கிடா தேடுவார்களே, அதை நினைத்துத்தான் சரி என்றேன்.

பதில் வர வருசக்கணக்கில் ஆகுமாம். ஆகட்டும். அதுவரை கண்ணை மூட மாட்டேன். வந்ததும் உன் அண்ணனை என் பக்கத்தில் உட்கார வைத்து, கவிதாவை உரக்கப் படிக்கச் சொல்வேன். உன்மேல் ஆணை.

உன்னையும் பெற்று, அவனையும் பெற்ற
அம்மா