அம்மனுக்காகத் திருப்பிய சிலிண்டர்

வெள்ளி. தசரா யானை ஊர்வலம், ஜம்பூ சவாரிக்கு மறுநாள். தூறல்.

அப்பாவின் ஷெட்டில் நிற்கும் போட்டிக் காரின் டிக்கியைத் துடைக்கும்போது பார்த்தேன். எஞ்சினுக்கு வேகம் கூட்டும் நைட்ரஸ் வாயு சிலிண்டரின் லேபிள் அடியில். மேலே சாமுண்டி படம். காரின் சொந்தக்காரன் சேத்தனின் அம்மா ஆயுத பூஜைக்குக் கொடுத்தது. லேபிள் பக்கம் இடமில்லாமல் பின்பக்கம் ஒட்டி, அம்மன் தரையைப் பார்க்கக் கூடாதென்று அண்ணன் சிலிண்டரையே திருப்பிவிட்டான். லேபிள் மேலே இருந்தால்தான் உள்குழாய் திரவத்தைத் தொடும். இல்லையென்றால் வெறும் ஆவி. அப்பா மாட்டும்போது நான்தான் டார்ச் பிடித்தேன்.

ஷெட் முழுக்கப் பையன்கள். டிக்கியை மூடிவிட்டு வந்தேன்.

சனி. வெயில்.

ஓட்டிப் பார்த்தார்கள். நைட்ரஸ் பட்டனை அழுத்தினால் இழுவையே இல்லையாம். அண்ணன் வாயு போகும் துளைமுனையான ஜெட்டைக் கழற்றிப் பெரிய துளையுள்ளது போட்டான். பெட்ரோல் ஜெட் அதேதான்.

"அண்ணா, சிலிண்டர் திரும்பியிருக்கு."

"சும்னே இரு மா. போய் டீ கொண்டா."

சேத்தன்: "மேடம் யாவ காலேஜு?"

நான் எந்தக் காலேஜாம். எல்லோரும் சிரிப்பு. அண்ணனும். அவன் பி.யூ.சி.யில், அதாவது பன்னிரண்டாவதில், இரண்டு முறை ஃபெயில். அதை யாரும் கேட்பதில்லை.

டீயில் சர்க்கரை போடவில்லை. குடித்துவிட்டார்கள்.

செவ்வாய்.

அம்மன் டிக்கியில் இருக்கலாமா என்று சேத்தனின் அம்மா சத்தம். படம் டேஷ்போர்டுக்கு வந்தது. சிலிண்டர் பழையபடி லேபிள் மேலே.

ஜெட் மட்டும் பெரியதே. இனி திரவம் முழுசாக வரும், பெட்ரோல் அதற்குப் போதாது. சூடேறி பிஸ்டன் உருகும். எதையும் மாற்றாத கம்பெனி எஞ்சின், எவ்வளவு தாங்கும்? ஞாயிறு போட்டியில் ஓட்டப்போவது அண்ணன்.

தனியாக இருக்கும்போது சொன்னேன்.

"அன்னைக்கு சிலிண்டர், இன்னைக்கு ஜெட். பத்தாவது கூட முடிக்காம எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

அப்பா கொள்ளேகாலில், பெரியப்பாவுடன் ஆஸ்பத்திரியில். போன் செய்தேன். "அண்ணன்கிட்ட குடு" என்றார். அண்ணன், "எல்லாம் சரியா இருக்குப்பா" என்று வைத்துவிட்டான். இந்த வீட்டில் என் குரல் அவன் வழியாகத்தான் போகும்.

ஞாயிறு. பனி.

அண்ணன் குளிக்கிறான். புதுச்சட்டை தேய்த்து வைத்தது நான். கார் தோற்றால் என் வாய்தான் ராசியில்லாதது. ஜெயித்தால் அவன் போட்ட ஜெட்.

டிக்கியைத் திறந்து சிலிண்டர் வால்வை மூடினேன். குழாயில் நின்ற வாயுவை வெளியே விட்டேன். பானெட்டைத் திறந்து, பெரிய ஜெட்டைக் கழற்றிப் பழைய சின்னதைப் போட்டு இறுக்கினேன். பானெட்டை மூடி, வால்வைத் திறந்துவிட்டு டிக்கியையும் மூடினேன்.