தொட்டிக்குப் போன ராசவள்ளி

ஹாபாய் தீவு,
மே 14

அன்புத் தம்பி சியோசையாவுக்கு,

அக்கா மெலேநைத்தே எழுதுவது. இங்கே நானும் பன்றிகளும் சுகம். அம்மாவைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். உன் வரிசையும் அதுதானே.

முதலில் உன் தொட்டி. சமையலறைக் கழிவை அழுகவைத்து, அதிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து, மின்சாரமாக்கி, மருந்தகத்துக் குளிர்பெட்டியை ஓட்டும் உன் மகத்தான தொட்டி நன்றாகவே இருக்கிறது. உன் பெயர் எழுதிய பலகையைக் கோழிகள் மட்டும் மதிப்பதில்லை.

பிரிஸ்பேனில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்குத் தினம் இரண்டு கிலோ கழிவு என்று கணக்குப் போட்டாயே, எந்த வீட்டில்? இங்கே கிழங்குத் தோலும் தேங்காய்ச் சக்கையும் தரையில் விழுவதற்குள் பன்றி வாய்க்குப் போய்விடும். பன்றி துரத்தி வளர்ந்தவன் நீ. படித்தால் பன்றி மறந்துபோகும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

திறப்பு விழா நினைவிருக்கிறதா? பாதிரியார் ஜெபித்துத் திறந்த தொட்டியில், வெளிநாட்டு விருந்தாளிகள் பார்க்கத் தோலைப் போட ஊரே கூசியது. "வந்தவங்க முன்னாடி பன்னித் தீனியையா கொட்டுவீங்க? மானம் போயிடும்டா!" என்று நம் அத்தை லோசே சீறினாள். அதனால் வேகவைத்த ராசவள்ளிக் கிழங்கையே கூடை கூடையாகக் கொட்டினார்கள். வாயு பொங்காமல் என்ன செய்யும்? நீயும் கைதட்டி, கழிவுக்குக் கிடைத்த வெற்றி என்று அறிக்கை எழுதினாய். கிழங்குக்கும் தோலுக்கும் வித்தியாசம் தெரியாத நிபுணனை அன்றுதான் பார்த்தேன்.

அன்று மூன்று மணி நேரம் ஊரில் இருந்தாய். தொட்டிக்கும் நம் வீட்டுக்கும் நடுவே இரண்டு தென்னை. படுக்கையிலிருந்தே அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாய்.

வாயு அளவு தினமும் காலையில் உன் போனுக்கு வருகிறதாம். இந்த ஆறு மாதத்தில் நீ ஊருக்குப் பேசியது ஒரே தடவை, அளவு குறைந்த அன்று. அதுவும் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் விலியாமுவிடம். "கேஸ் ஏன்டா கம்மியாச்சு? என்னத்தப் போட்டீங்க?" என்று நீ ஸ்பீக்கரில் கத்தியது நம் வீடு வரை கேட்டது. அம்மாவுக்கு உன் குரல் மட்டும்தான் கேட்டது.

அன்றிலிருந்து நம் தோட்டத்து ராசவள்ளி தொட்டிக்குப் போகிறது. நான் தடுத்தால் அம்மா, "போடுடி, எம்புள்ள காலைல எழுந்து அதத்தான் பாக்குறான்" என்கிறாள். விதைக்கு வைத்திருந்ததும் தீர்ந்தது. இப்போது தன் தட்டில் இருப்பதைத் தொடாமல் ஒதுக்கிவைத்து விலியாமுவைக் கூப்பிடுகிறாள். எலும்பும் தோலுமாகிவிட்டாள். நீ கூட்டத்துக்குக் கூட்டம் காட்டிப் பெருமையடிக்கும் அந்த அளவு, அம்மாவின் சாப்பாடு. எனக்கு உன்மேல் அருவருப்பாக இருக்கிறது.

எவ்வளவு பெரிய நிபுணனானாலும் நம் ஊரில் அக்கா சொல்லுக்குத் தம்பி கீழேதான். அதையாவது மறந்திருக்க மாட்டாய். திங்கட்கிழமையிலிருந்து தொட்டிக்கு ஒரு துண்டு கிழங்கு போகாது. மருந்தகத்துக் குளிர்பெட்டிக்குப் பழைய சோலார் பலகையை மாட்டியாயிற்று. உன் போனில் பூஜ்யம் விழும், நீ பதறிக் கூப்பிடுவாய். விலியாமுவின் போன் அம்மா கையில் இருக்கும்.

கேஸ் ஏன் இல்லை என்று கேட்டுவிடாதே. சாப்பிட்டாயா அம்மா என்று கேள். நீ கேட்டால் சாப்பிடுவாள்.

கடவுள் உனக்கு நல்ல புத்தியும் சீக்கிரமாக ஒரு படகும் கொடுக்கட்டும்.

உன் அக்கா,
மெலேநைத்தே